ராத்திரி ஆனா இருமல், வெளியூர் போனா சரியாயிடுது. மர வேலை செய்றவங்க யாராவது சொல்லுங்களேன்

பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மர வேலைக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, அதுல கடைசி மூணு வருஷமா வீட்டுக்குப் பின்னாடியே சின்னதா பட்டறை போட்டு தனியாத்தான் பண்றேன். கதவு, அலமாரி, மேஜை எல்லாம் பண்ணுவேன், ஒரு வருஷமா எம்.டி.எஃப் பலகை வேலை நிறைய வருது, ரவுட்டர்னு பலகையில குடையற மெஷின் போட்டு டிசைன் எடுக்கிறது, அப்புறம் சாண்டர்ல தேய்க்கிறது.

பிரச்னை என்னன்னா ஒரு நாலு மாசமா ராத்திரி பதினோரு மணி வாக்குல நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி ஆகி வறட்டு இருமல் வருது, ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் படுக்க முடியல, எந்திரிச்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் மூச்சு வருது. பகல்ல வேலை செய்யும்போது ஒன்னுமே தெரியல, அதான் எனக்குக் குழப்பமே. டாக்டர்கிட்ட போனேன், அவர் சளின்னு சொல்லி மருந்து கொடுத்தார், என்ன வேலை செய்றீங்கன்னு கேக்கல, நானும் சொல்லல. போன மாசம் பத்து நாள் வெளியூர் போயிருந்தேன், அங்க போன நாலாவது நாளே இருமல் சுத்தமா நின்னுடுச்சு, வந்து பட்டறையைத் திறந்த ரெண்டாவது ராத்திரியே மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. அப்பதான் எனக்கு சந்தேகமே வந்துச்சு.

இன்னொன்னு, நடுவுல ஈட்டி மரத்துல ஒரு வேலை வந்துச்சு, அதைத் தேய்ச்ச அன்னைக்கு மணிக்கட்டு, கண் இமை, கழுத்துல சட்டைக் காலர் படுற இடம் எல்லாம் சிவந்து அரிச்சு ஒரு வாரம் கஷ்டப்பட்டேன். இதுக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்கா?

இவ்ளோ நாளா துணி மாஸ்க்தான் போட்டுட்டு இருந்தேன், அதுவும் ரம்பம் ஓடும்போது மட்டும். மரத்தூள்னால கேன்சர் வரும்னு எங்கயோ படிச்சுட்டு என் வீட்டுக்காரம்மா ரொம்ப பயந்துட்டாங்க, வேலையையே விட்டுடுங்கன்னு சொல்றாங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. மூணு வயசுல பொண்ணு இருக்கா, நான் வேலை முடிச்சு வந்ததும் ஓடி வந்து கட்டிப்பா, அவளுக்கும் ஏதாவது ஆயிடுமோன்னு வேற இருக்கு. எந்த மாஸ்க் வாங்கணும், என்ன பண்ணணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.


இழைப்புளி:

தம்பி, முதல்ல ஒன்னு, துணி மாஸ்க்கை இன்னைக்கே தூக்கிப் போடுங்க. அது பெரிய சீவலைத்தான் தடுக்கும், நெஞ்சுக்குள்ள போறது அது இல்ல.

நான் முப்பத்தாறு வருஷம் இந்த வேலை பார்த்தவன். எனக்கு இருமல் எல்லாம் வரல, எனக்கு மூக்குதான் போச்சு. அறுக்கும்போதே இது வேங்கை, இது தேக்கு, இது பச்சை மரம்னு கண்ணை மூடிக்கிட்டு வாசனையில சொல்லுவேன், இப்ப கற்பூரத்தை மூக்குகிட்ட வச்சாலும் லேசாத்தான் தெரியுது. ஒரே நாள்ல போகல, வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு, எனக்கே தெரியல.

ஆனா நான் எழுத வந்தது என்னைப் பத்தி இல்ல. என் கூட இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்த ஒரு அண்ணன், பாலிஷுக்கு முன்னாடி தேய்க்கிற வேலை முழுக்க அவர்தான். அவருக்கு வலது பக்க மூக்கு மட்டும் எப்பவும் அடைச்சே இருக்கும், அப்பப்போ அந்தப் பக்கம் மட்டும் லேசா ரத்தம் வரும். கைக்குட்டையில துடைச்சுட்டு, தூசி தம்பி, சூடு தம்பின்னு சொல்லிட்டு அடுத்த பலகையை எடுத்துடுவார். நானும் பக்கத்துலயே நின்னு அதைப் பார்த்துட்டே இருந்தேன், ஒரு வருஷத்துக்கு மேல. கடைசியில கன்னம் வீங்கி கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு போனப்பதான் மூக்குக்கு மேல கண்ணு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு அறையில கட்டின்னு சொன்னாங்க. மூக்கு அடைப்பு சும்மா சளின்னா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும், ஒரே பக்கம் மட்டும் வாரக்கணக்கா அடைச்சு அதே பக்கம் ரத்தமும் வந்தா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போய் உள்ள கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லணும்னு அன்னைக்கு யாராவது எங்ககிட்ட சொல்லியிருக்கணும். யாரும் சொல்லல. அதனாலதான் இந்த மாதிரி கேள்வி எங்க பார்த்தாலும் நான் இதை எழுதிட்டுப் போறேன்.

உங்களுக்கு இருக்கிறது அது இல்லன்னுதான் தோணுது, உங்களுது மூச்சு சம்பந்தப்பட்டது. அதைத் தெரிஞ்சவங்க வந்து சொல்லட்டும்.


மூச்சுக்கணக்கு:

நான் நெஞ்சு நோய் பிரிவுல மூச்சு அளக்கிற டெஸ்ட் எடுக்கிற வேலையில இருக்கேன், டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா நீங்க எழுதினதைப் படிச்சதும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன் தம்பி, ஏன்னா வேலையால வர்ற ஆஸ்துமாவை எங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்களோ அச்சு அசலா அதே மாதிரி எழுதியிருக்கீங்க. பகல்ல தெரியாது, ராத்திரி வரும், லீவுல குறையும், திரும்ப வந்தா திரும்ப வரும்.

பகல்ல ஏன் தெரியலன்னா, மரத்தூள் அலர்ஜியில உடனே வர்றதும் உண்டு, தூள் பட்டு நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் கழிச்சு வர்றதும் உண்டு. இந்தத் தள்ளி வர்ற வகையாலதான் நிறைய பேர் வேலையோட அதை முடிச்சுப் போடறதே இல்ல. இதுல உலகத்துலயே அதிகமா ஆராய்ச்சி பண்ணினது வெஸ்டர்ன் ரெட் சிடார்ங்கிற மரம், கனடா பக்கம் மரம் அறுக்கிறவங்களுக்கு வந்தது, அதுல இருக்கிற பிளிகாட்டிக் ஆசிட்தான் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. அந்தத் தொழிலாளிகளை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்தப்ப, வேலையை விட்டதுக்கு அப்புறமும் பாதிக்கு மேல பேருக்கு ஆஸ்துமா நிக்கவே இல்ல. முழுசா சரியானவங்க யாருன்னு பார்த்தா, இருமல் ஆரம்பிச்ச கொஞ்ச காலத்துலயே அந்தத் தூளை விட்டு விலகினவங்க. நாலு மாசம்னு சொல்றீங்க, உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, அதை வீணாக்காதீங்க, அவ்ளோதான் என் கவலை.

இப்ப செய்ய வேண்டியது. பீக் ஃப்ளோ மீட்டர்னு கையில பிடிச்சு ஊதற சின்னக் குழாய் ஒன்னு இருக்கு, மருந்துக்கடையில கிடைக்கும். காலையில எந்திரிச்சதும், வேலை நடுவுல, வேலை முடிஞ்சதும், படுக்கிறதுக்கு முன்னாடி, இப்படி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஊதுங்க, ஒவ்வொரு தடவையும் மூணு தரம் நின்னுக்கிட்டு முழு மூச்சோட ஊதி அதுல வர்ற எண்ல பெருசை எழுதுங்க, எண் குறைஞ்சா மூச்சுக்குழாய் இறுகுதுன்னு அர்த்தம். பக்கத்துலயே அன்னைக்கு என்ன மரம், என்ன மெஷின், தேய்ச்சீங்களா பாலிஷ் போட்டீங்களான்னு எழுதுங்க. நாலு வாரம் எழுதினா நல்லது, அதுல வேலை நாளும் லீவு நாளும் ரெண்டுமே இருக்கணும், தொடர்ந்து ஒரு வாரம் லீவு கிடைச்சா இன்னும் நல்லது. அதுக்காக டாக்டரைப் பார்க்கிறதைத் தள்ளிப் போடாதீங்க, நுரையீரல் டாக்டர்கிட்ட இப்பவே போங்க, போனதும் முதல் வாக்கியமே நான் மர வேலை செய்றேன், லீவுல இருமல் நின்னுடுதுன்னு சொல்லுங்க. பகல்ல ஸ்பைரோமெட்ரின்னு மூச்சை ஊதி அளக்கிற டெஸ்ட் எடுத்தா நார்மல்னு வரவும் வாய்ப்பு இருக்கு, அதை வச்சு ஒன்னும் இல்லன்னு திரும்பிடாதீங்க, அந்த நோட்டைக் காட்டுங்க. நடுவுல என்னைக்காவது பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டினா நோட்டு எல்லாம் அப்புறம், நேரா அவசரப் பிரிவுக்குப் போயிடணும்.

ஈட்டி மரத்து அரிப்பு தனி விஷயம், ஆனா அண்ணன் தம்பி மாதிரி. ஈட்டியில டால்பர்ஜியோன்னு ஒரு வகைப் பொருள் இருக்கு, தேக்குல டிஆக்சிலாப்பச்சால் இருக்கு, பூச்சி அரிக்காம அந்த மரம் நூறு வருஷம் நிக்கிறதுக்கு இந்த மாதிரி சத்துங்கதான் காரணம், அதேதான் நம்ம தோலையும் கடிக்குது. வைரம் பாய்ஞ்ச நடு மரத்துல அதிகம், வெளி வெள்ளையில குறைச்சல். வேர்வை இருக்கிற இடத்துல தூள் ஒட்டி ஊறும், அதான் மணிக்கட்டும் காலரும் இமையும். ஒரு தடவை உடம்பு அதை எதிரின்னு குறிச்சு வச்சுக்கிச்சுன்னா அடுத்த தடவை ரொம்பக் கொஞ்சம் பட்டாலே போதும், அதனால இனிமே ஈட்டி வேலை வந்தா வேற யார்கிட்டயாவது தள்ளிவிடறதுதான் நல்லது.

கேன்சர் பத்தி உங்க வீட்ல படிச்சது பொய் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே மரத்தூளை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியான பொருள்கள் பட்டியல்ல சேர்த்துடுச்சு. எம்.டி.எஃப் பசையில இருக்கிற ஃபார்மால்டிஹைடையும் 2004-ல அதே பிரிவுக்கு மாத்தினாங்க. இதுக்கெல்லாம் ஆரம்பம் இங்கிலாந்துல ஹை வைக்கம்னு நாற்காலி செய்யறதுக்குப் பேர் போன ஊர், 1960-கள்ல அங்க இருந்த மூக்கு டாக்டர்கள், ரொம்ப அபூர்வமான மூக்குக் கட்டி ஒன்னு தங்ககிட்ட வர்ற மரத் தொழிலாளிகளுக்கே திரும்பத் திரும்ப வருதேன்னு கவனிச்சாங்க. இழைப்புளி ஐயா சொன்ன அதே இடம், அதே வகைன்னு நினைக்கிறேன். ஆனா வீட்டுக்காரம்மாகிட்ட இதையும் சொல்லுங்க, அது மரத் தொழிலாளிகளுக்குள்ளயும் அபூர்வம்தான், பல வருஷம், பெரும்பாலும் இருபது முப்பது வருஷத்துக்கு மேல அதிகத் தூள்ல இருந்தவங்களுக்குத்தான் வந்திருக்கு. இன்னைக்கே தூளைக் குறைச்சா அந்தக் கணக்கும் குறையும்.


தூசிப்பை:

அக்கா உடம்பைப் பத்திச் சொல்லிட்டாங்க, நான் பட்டறையைப் பத்திச் சொல்றேன். இன்னைக்கு ராத்திரி ஒன்னு பண்ணிப் பாருங்க ப்ரோ. சாண்டர் ஓட்டி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, தூசி எல்லாம் அடங்கிருச்சுன்னு தோணும் பாருங்க, அப்ப எல்லா லைட்டையும் அணைச்சுட்டு நல்ல வெளிச்சமான டார்ச் ஒன்னை முகத்துக்கு நேரா இல்லாம குறுக்கால அடிச்சுட்டு வெளிச்சம் வர்ற பக்கம் பார்த்து நில்லுங்க. நீங்க சுத்தம்னு நினைச்ச காத்துல அந்த ஒளிக்கத்தைக்குள்ள புகை மாதிரி மெதுவா சுத்திட்டு இருக்கும். நான் முதல் தடவை பார்த்தப்ப மூச்சை இழுக்கவே மனசு வரல, கதவைத் திறந்துட்டு வெளிய வந்துட்டேன். வெளிநாட்டுல பட்டறை சோதிக்கிறவங்களும் இதே முறையைத்தான் பயன்படுத்துறாங்க.

இதுலதான் நம்ம எல்லாரும் தப்புப் பண்றோம். ரம்பம் ஓடும்போது மாஸ்க் போடறோம், நிறுத்தினதும் கழட்டுறோம். கீழ விழுற தூள் பெருசு, அது விழுந்துடும், மூக்கு முடியிலயும் மாட்டிக்கும். பத்து மைக்ரானுக்குக் கீழ இருக்கிற தூள் மணிக்கணக்கா மிதக்கும், நம்ம தலைமுடி ஒன்னு சுமாரா எழுபது மைக்ரான், அதுல ஏழுல ஒரு பங்குன்னா கண்ணுக்கு எங்க தெரியும். மாஸ்க்கைக் கழட்டிட்டு, அப்பாடான்னு உக்காந்து டீ குடிக்கிற அந்த நேரத்துலதான் நெஞ்சுக்குள்ள இழுக்கிறோம்.

எவ்ளோ தூள் போனா பரவாயில்லன்னு கேட்டா, ஐரோப்பாவுல 2023-ல இருந்து கடின மரத்தூளுக்கு வச்சிருக்கிற எல்லை ஒரு கன மீட்டர் காத்துல 2 மில்லிகிராம், எட்டு மணி நேர சராசரி. ஒரு மில்லிமீட்டர் அகலம் உள்ள மணல் பரல் ஒன்னே சுமார் ஒன்றரை மில்லிகிராம் இருக்கும், அதைப் பொடி பண்ணி ஒரு பெரிய அலமாரி அளவு காத்துல கலந்தா கிட்டத்தட்ட அந்த எல்லைதான். தூசி உறிஞ்சற ஏற்பாடு இல்லாம சாண்டர் ஓட்டினா அதைத் தாண்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு நினைக்கிறீங்க.

அதனால மாஸ்க்கை நம்பி ஆரம்பிக்காதீங்க, தூள் கிளம்பற இடத்துலயே பிடிக்கணும். தனி ஆள் பட்டறைக்கு முதல் செலவு நல்ல வேக்குவம், நுண்தூளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளது, அதோட ஹோஸை நேரா சாண்டர்ல மாட்டணும், கூடவே வர்ற சின்னத் துணிப்பையை நம்பக்கூடாது, அது பெருசைப் பிடிச்சுட்டு நுண்தூளை வடிகட்டி உங்க மூஞ்சிக்கே அனுப்பும். அப்புறம் சாண்டரைத் திருப்பிப் பாருங்க. பேட்ல இருக்கிற ஓட்டையும் நீங்க ஒட்டியிருக்கிற உப்புத்தாள் ஓட்டையும் ஒன்னுக்கு ஒன்னு நேரா இருக்கா? நிறைய பேர் அவசரத்துல எப்படியோ ஒட்டிடுவாங்க, இல்லன்னா ஓட்டையே இல்லாத தாளை ஒட்டுவாங்க, வேக்குவம் ஓடிட்டே இருக்கும், ஒன்னும் உறிஞ்சாது. ஒட்டும்போது அஞ்சு செகண்ட் பார்த்து ஒட்டுங்க, வித்தியாசம் அன்னைக்கே கையில தெரியும், பலகை மேல தூளே நிக்காது.

துடைப்பம் வேண்டாம். கம்ப்ரசர் காத்தை வச்சு சட்டையை ஊதவே ஊதாதீங்க, படிஞ்சு கிடக்கிறதை எல்லாம் எழுப்பி விடறது அதுதான். வேக்குவமால இழுங்க, மிச்சத்தை ஈரத்துணியால துடைங்க. ஃபேன் வைக்கிறதா இருந்தா ஜன்னல்ல வெளிய தள்ளுற மாதிரி வச்சு, சுத்தக் காத்து உங்க முதுகுப் பக்கம் இருந்து வந்து வேலையைத் தாண்டி வெளிய போற மாதிரி நில்லுங்க, தலைக்கு மேல சுத்துற ஃபேன் தூளைக் கலக்கத்தான் செய்யும். இன்னொன்னு, அதே வேக்குவத்துல இரும்பு கிரைண்டர் பொறியை இழுத்துடாதீங்க, உள்ள இருக்கிற நுண்தூள் பத்திக்கும், மிதக்கிற மரத்தூள் சரியான அளவுல இருந்தா வெடிக்கவே செய்யும்.

மாஸ்க்னா குறைஞ்சது என்95 இல்ல எஃப்எஃப்பி2. தினமும் வேலைன்னா ரப்பர் அரை முகமூடியும் அதுல மாட்டுற பி100 ஃபில்டரும் வாங்கிடுங்க, நாளாவட்டத்துல அதுதான் மலிவு, முகத்துல நல்லா படியும். ரம்பம் நின்னதும் கழட்டாதீங்க, பட்டறைக்கு வெளிய வந்து கழட்டுங்க.


நிலைவாசல்:

இவ்ளோ பயமுறுத்தணுமா? எங்க தாத்தா, அவங்க அப்பா எல்லாரும் இதே வேலைதான், மாஸ்க்கும் கிடையாது வேக்குவமும் கிடையாது, எண்பது வயசு வரைக்கும் நல்லா இருந்தாங்க. மரம் இயற்கைதானே. புதுசா தொழிலுக்கு வர்ற பசங்களை இப்படி மிரட்டினா யாரும் வரமாட்டாங்க.


இழைப்புளி:

நீங்க சொல்றது எனக்குப் புரியுது, பசங்க வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா உங்க தாத்தா கையில என்ன இருந்துச்சுன்னு யோசிங்க. உளி, கை ரம்பம், இழைப்புளி. இழைப்புளி ஓட்டினா வர்றது சுருள், நீளமா ரிப்பன் மாதிரி சுருண்டு காலடியில விழும், அதை அள்ளி அடுப்புல போடுவோம். நல்லா தீட்டின அலகால கடைசி இழைப்பு இழைச்சா பலகை கண்ணாடி மாதிரி வரும், உப்புத்தாளே தேவைப்படாது. மரத்தை வெட்டினாத்தான் சுருள், அரைச்சா தூள். இன்னைக்கு நாம ரவுட்டர்லயும் சாண்டர்லயும் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுத்துல அரைக்கிறோம். உங்க தாத்தா ஒரு நாள் முழுக்க கிளப்பின நுண்தூளை நாம அரை மணி நேரத்துல கிளப்பிடறோம், அதுவும் கதவைச் சாத்திட்டு. அவர் மரத்தடியில திறந்த வெளியில வேலை செஞ்சிருப்பார்.

அப்புறம் அவங்க அறுத்தது மரம். எம்.டி.எஃப் மரம் இல்லீங்க, மரத்தை நாராக்கி பசை போட்டு அழுத்தினது. கையில எடுத்துப் பாருங்க, அதோட தூள் மாவை விட நைசா இருக்கும். இயற்கைன்னு சொன்னீங்க, தில்லை மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும், சேராங்கொட்டை மரத்து சாறு பட்டா தோல் வெந்து போகும், அதுவும் இயற்கைதான். நம்ம பெரியவங்க அந்த மரங்களை வெட்டும்போது எவ்ளோ ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நீங்களே கேட்டிருப்பீங்க. எண்பது வரைக்கும் இருந்தவங்களை நாம நினைவு வச்சிருக்கோம், அம்பத்தஞ்சுல இளைப்புன்னு படுத்தவங்களை வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம்.

பட்டறைக்காரத் தம்பி, முடிஞ்ச இடத்துல எல்லாம் சாண்டருக்குப் பதிலா இழைப்புளியும் கை ஸ்கிரேப்பரும் பழகுங்க. நேரம் கூட ஆகும். ஆனா பாதி தேய்ப்பு குறைஞ்சுடும்.


பட்டறைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா, ஐயா, ப்ரோ. நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வேலையை ஆறு மணிக்கே முடிச்சுட்டேன், ஒம்பது மணிக்குப் போய்ப் பார்க்கிறேன், அப்பவும் சுத்திட்டு இருக்கு. மூணு மணி நேரம்! என் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், அவங்க ஒன்னும் பேசல, உள்ள போய் என் வேலை சட்டை எல்லாத்தையும் எங்க துணிகூட சேர்க்காம தனியா எடுத்து வச்சாங்க. சாண்டரைத் திருப்பிப் பார்த்தேன், ஓட்டை எட்டுல ரெண்டுதான் நேரா இருந்துச்சு.

அரை முகமூடி வாங்கிட்டேன். எனக்குத் தாடி இருக்கு, அப்படியே போடலாமா? அப்புறம் பாலிஷ் போடும்போதும் இதே மாஸ்க் போதுமா? ரெண்டு பாகம் கலக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ்தான் ஸ்பிரே பண்றேன், அதே ரூம்லதான்.


கீல்:

தாடி இருந்தா அந்த மாஸ்க் போட்டும் பிரயோஜனம் இல்ல சகோ. ரப்பர் விளிம்பு தோல்ல ஒட்டணும், முடி இருந்தா அதுக்கு நடுவுல வழி இருக்கும், காத்து ஃபில்டர் வழியா கஷ்டப்பட்டு ஏன் வரப்போகுது, பக்கவாட்டுலதான் வரும். மீசை வச்சுக்கலாம், விளிம்பு படுற இடம் மழிச்சிருக்கணும். போட்டதும் ஃபில்டர் ரெண்டையும் உள்ளங்கையால மூடிட்டு மூச்சை இழுத்துப் பாருங்க, மாஸ்க் உள்வாங்கி முகத்தோட அப்படியே நிக்கணும்.

ஸ்பிரே பத்தி நீங்க கேட்டது நல்லதாப் போச்சு, உங்க இருமலுக்கு மரத்தூள்தான் காரணம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையும் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். பி.யூ.வை இறுக வைக்கிற ரெண்டாவது பாகம், அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்ங்கிற ரசாயனம் இருக்கு, வேலையால வர்ற ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க முக்கியமான காரணங்கள்ல அது ஒன்னு, மரத்தூளை விட மோசம். என்95-ம் பி100-ம் தூளைத்தான் பிடிக்கும், ஆவி அதுல நேரா உள்ள வந்துடும். தின்னர் வாசனைக்கு கரி ஃபில்டர் போடலாம், ஆனா ஐசோசயனேட்டுக்கு வாசனையே பெருசா தெரியாது, ஃபில்டர் தீர்ந்துடுச்சுன்னு மூக்கு சொல்லாது, அதான் பெரிய இடங்கள்ல குழாய் வழியா வெளிக்காத்து வர்ற முகமூடி போட்டு ஸ்பிரே பண்றாங்க. உங்களுக்கு இப்ப இருமல் இருக்கு, டெஸ்ட் முடியற வரைக்கும் ரெண்டு பாகம் பி.யூ.வைத் தொடவே தொடாதீங்க. தண்ணியில கலக்கிற ஃபினிஷ் இருக்கு, இல்லன்னா ஷெல்லாக்ங்கிற அரக்கு, எண்ணெய். எண்ணெய்னா ஆளி விதை எண்ணெய் தடவின துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானா சூடாகித் தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போட்டு அப்புறம் எறியுங்க.

அக்கா, ஐயா யாரும் இதைச் சொல்லல, காதுக்கும் ஏதாவது மாட்டுங்க. ரவுட்டர், பிளேனர் எல்லாம் 95, 100 டெசிபெல் போகும், எட்டு மணி நேரத்துக்கு 85-தான் எல்லை, அதுக்கு மேல மூணு மூணு டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். எனக்கு இடது காதுல ராத்திரி முழுக்க கீச்சுன்னு ஒரு சத்தம் இருக்கு, அது இனிமே போகாதுன்னு சொல்லிட்டாங்க.


மூச்சுக்கணக்கு:

கீல் சொன்னது ரொம்ப முக்கியம், நான் பாலிஷ் பத்திக் கேக்க மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க தம்பி. நோட்டுல ஸ்பிரே பண்ணின நாளைத் தனியா குறிங்க.

பாப்பா பத்திக் கேட்டிருந்தீங்க. வேலை சட்டையோட வீட்டுக்குள்ள வராதீங்க, பட்டறையிலயே மாத்திட்டு தலையும் கையும் கழுவிட்டு வாங்க, அப்புறம் அவளைத் தூக்குங்க. பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற கதவை வேலை நேரத்துல சாத்தியே வைங்க. அது போதும், அதுக்கு மேல பயப்பட வேண்டாம். பழைய கதவு ஜன்னல் எதையாவது தேய்க்கிறதா இருந்தா மட்டும் வேற கதை, பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுகிட்ட அதை உலர்வாத் தேய்க்கவே கூடாது.


பட்டறைக்காரன்:

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்னு நினைச்சேன். தாடி எடுத்தாச்சு, பொண்ணு ரெண்டு நாள் கிட்ட வரல, அப்புறம் சரியாயிட்டா.

நோட்டுல எழுதினது இது. முதல் வாரம் எம்.டி.எஃப் வேலை பாக்கி இருந்துச்சு, முடிச்சுக் கொடுக்க வேண்டியதாப் போச்சு, அப்ப காலையில 490 இருந்தா ராத்திரி படுக்கப் போகும்போது 370, 360. ரெண்டாவது வாரம் பட்டறையையே பூட்டிட்டேன், காலையும் ராத்திரியும் 490, 500. மூணாவது வாரம் திறந்து வேங்கையில ஒரு மேஜை பண்ணினேன், வேக்குவம் மாட்டி, மாஸ்க் கழட்டாம, பாதி இழைப்புளியிலயே முடிச்சேன், ராத்திரி 470, 460. இருமல் ஒரே ஒரு நாள்தான், அதுவும் கொஞ்சம். பி.யூ. தொடல.

நுரையீரல் டாக்டரைப் பார்த்தேன், மர வேலைன்னு முதல்லயே சொன்னேன், நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமா படிச்சார். ஊதற டெஸ்ட் பகல்ல எடுத்தது நார்மல்தான், அக்கா சொன்ன மாதிரியே. இன்ஹேலர் கொடுத்திருக்கார், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கார். மூக்கையும் ஒரு தடவை பார்த்துடலாம்னு நானே கேட்டேன், இழைப்புளி ஐயா எழுதினது மனசுலயே இருந்துச்சு. ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாங்க.


இழைப்புளி:

ரொம்ப சந்தோஷம் தம்பி. வேங்கை இழைக்கும்போது நார் எதிர்த்துப் பிடுங்கும், அலகை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி மெல்லிசா எடுங்க, தேய்ப்பே இல்லாம வரும்.


மூச்சுக்கணக்கு:

தம்பி, இருமல் நின்னுடுச்சேன்னு இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும் எடுக்கணும். அடுத்த டெஸ்டுக்கு முன்னாடி அதை எடுக்கலாமா கூடாதான்னு மட்டும் போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. எம்.டி.எஃப் வேலை கேட்டு யாராவது வந்தா இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லுங்க. நோட்டை நிறுத்தாதீங்க, இன்ஹேலர் ஆரம்பிச்ச தேதியையும் அதுல குறிச்சுடுங்க, ராத்திரி அளவு மறுபடி 400-க்குக் கீழ போனா அடுத்த டெஸ்ட் வரைக்கும் காத்திருக்காம உடனே போய்க் காட்டுங்க.